உப்பு தேவையான அளவு

சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: நேத்து ஓடின புரோகிராம் இன்னிக்கு ஓடாது, கேட்டா யாரும் எதையும் தொடலைம்பாங்க.

போசி

காந்திபுரத்துல எங்க ஆபீஸ். விசைத்தறிக்கு டிசைன் போடற சாஃப்ட்வேர் செய்யறோம். எல்லார்துமே லினக்ஸ்தான், ஆனா ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஓடறது பக்கத்து சீட்ல ஓடாது. சீனியர் சண்முகண்ணன் இதுக்கு ஒரு வழி பண்ணினார். கம்ப்யூட்டருக்குள்ளயே தனியா ஒரு கன்டெய்னர்; புரோகிராம் ஓடத் தேவையான டூல் அத்தனையும் அதுக்குள்ள. என்னென்ன போடணும்னு ஒரு ஃபைல்ல செய்முறை எழுதி வெச்சுட்டா, எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஒரே கமாண்டுல அதே கன்டெய்னர் தயார். செய்முறைன்னு அவர் சொன்னதும் ஆபீஸே அதுக்குச் சமையல் பாத்திரக் கணக்கா 'போசி'ன்னு பேர் வெச்சிருச்சு. அண்ணன் குஷியாயிட்டார்: "கெட்டுப்போச்சுன்னா யோசிக்காதீங்க கண்ணு, கழுவிப்போட்டுப் புதுசா ஆக்கிக்கலாமுங்க."

கழுவினேன்

என் நிலைமையைக் கேளுங்க. நான் இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கறவ. திங்கக்கிழமை சோமனூர்ல ஒரு தறிக்காரர் கம்ப்யூட்டர்ல என் புரோகிராம் ஓடினா வேலை நிரந்தரம், இல்லைன்னா ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் போசி மக்கர் பண்ணுச்சு. அண்ணன் சொன்னபடி அழிச்சுப்போட்டுப் புதுசா ஆக்கினேன். நான் எழுதின புரோகிராம் போசிக்கு வெளிய பத்திரமாத்தான் இருந்துச்சு, ஆனா ஓடமாட்டேங்குது!

செய்முறையைத் திறந்தேன். எந்த டூலுக்கு நேராவும் வெர்ஷன் நம்பர் இல்ல, எல்லாத்துக்கும் 'லேட்டஸ்ட்'. அடக் கொடுமையே, உப்பு தேவையான அளவுன்னு எழுதறாப்பல! போன மாசத்து லேட்டஸ்ட் வேற, இன்னிக்கு லேட்டஸ்ட் வேற. அண்ணன்கிட்டக் காட்டினா மனுசன் முழிக்கிறார்: "லேட்டஸ்ட்டுன்னா நல்லதுதானுங்களே அம்மணி?"

கழுவாத போசி

பழைய நம்பர் தெரிஞ்சாத்தானே எழுத முடியும்? அது என் போசியோட போயிருச்சு. மத்தவங்களும் அண்ணன் பேச்சைக் கேட்டுக் கழுவித் தள்ளினவங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அண்ணன் கொஞ்ச நேரம் நெளிஞ்சுட்டு, தன் திரையை என் பக்கம் திருப்பினார். முதமுதலா ஆக்கின போசி, அப்படியே இருக்கு! ஊருக்கெல்லாம் கழுவச் சொன்ன ஆளு! திட்டறதா கும்பிடறதான்னு தெரியாம, நம்பரையெல்லாம் பார்த்துச் செய்முறையில எழுதினேன். அவர் மெதுவாச் சொன்னார்: "நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க, கழுவ மனசு வரலீங்க."

சோமனூர்

தறிச் சத்தத்துக்கு நடுவுல கமாண்டை அடிச்சேன். டூல் பேரும் நம்பருமா திரையில ஓடி முடிஞ்சு, போசி தயார். என் கட்டம்போட்ட டிசைன் வந்து நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. தறிக்காரருக்கும் பிடிச்சுப்போச்சு, ஆர்டர் உங்களுக்குத்தான்னுட்டார். அப்புறம் அந்த நம்பர்களைக் காட்டி, ரொம்ப மரியாதையாக் கேட்டார்: "எல்லாஞ் செரிங்க அம்மணி, இதையெல்லாம் லேட்டஸ்ட்டாப் போட்டுத் தரமாட்டீங்களா?"

வேலை நிரந்தரமாச்சு, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டா வர்ற நடுக்கமும் கூடவே நிரந்தரமாச்சு.