அம்பூரிக்காரரின் கேஸ்

கல்லூரிப் பிள்ளைகளின் எந்த ரெக்கார்டு கைக்கு வந்தாலும் ரெஜிஷா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பாள். பாறசாலையில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கும் சுகுமாரியின் போட்டோஸ்டாட் கடையில் அவள் டைப் அடிக்க உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அவள் முதல் பக்கத்தில் தொடங்கி ஒருவரும் பார்த்ததில்லை. "இவளுக்கு எல்லாம் வாலுல இருந்தாக்கும் தொடக்கம்" என்று சுகுமாரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. எழுதுகிற பிள்ளைகள் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது களைத்துப் போயிருப்பார்கள். தப்பெல்லாம் அங்கேதான் கிடக்கும். என்னென்ன புத்தகம், என்னென்ன கட்டுரை பார்த்து எழுதினார்கள் என்ற பட்டியல் வரும் பக்கம் அது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்துக் கல்லூரியில் முதல் வருடம் சைக்காலஜி படிக்கிற பிள்ளைகள். எப்படி எழுத வேண்டும் என்று டிபார்ட்மென்டில் கொடுத்த தாள் ஒன்றை ரெஜிஷா கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். முன்னுரை, முறை, முடிவு, விவாதம், பட்டியல். பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் வர வேண்டும். வருடம் அடைப்புக்குறிக்குள் நிற்க வேண்டும். இரண்டாம் வரி கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். அந்தத் தாள் மஞ்சளாகி ஓரம் சுருண்டுவிட்டது. அவளுக்கு இப்போது தாள் தேவையில்லை.

"லைப்ரரியில போயி சந்தேகம் கேட்டா, ரெஜிஷாகிட்ட போயி கேளுண்ணு அனுப்புதாவ, சேச்சி" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

ரெஜிஷா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பொழியூரில் கடற்கரைப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் நின்றார்கள். ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிக்கிறாள், அர்த்தம் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் அது உண்மையாகவும் இருந்தது. ஒரே சொல்லை ஆயிரம் தடவை அடித்தால் அது என்ன என்று கைக்கே தெரிந்துவிடும். பயம், துக்கம், குற்ற உணர்ச்சி, உறக்கமின்மை எல்லாம் அவளுக்கு ஆங்கிலத்தில் தெரியும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கடைக் கம்ப்யூட்டரில் 'மாடல்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. நல்ல மார்க் வாங்கிய ரெக்கார்டுகளை சுகுமாரி அதில் போட்டு வைப்பாள். அடுத்த வருடப் பிள்ளைகள் வந்து, அதைப் பார்த்து, வயதையும் ஊரையும் மாற்றித் தங்கள் ரெக்கார்டாக அடித்து வாங்கிப் போவார்கள். நாயைக் கண்டு நடுங்கும் நெய்யாற்றின்கரை ஆட்டோ டிரைவர் ஒருவர் அப்படித்தான் ஒருமுறை ஒரு ரெக்கார்டில் உள்ளே வந்தார். அடுத்த வருடம் அவர் பாலராமபுரத்தில் தறி நெய்தார். அதற்கடுத்த வருடம் களியிக்காவிளையில் பேக்கரி வைத்திருந்தார். ஒருமுறை கன்னியாஸ்திரியாகக் கூட ஆனார். நாய் மட்டும் மாறவில்லை.

போன வருடம் ஜனவரியில் ஒரு மத்தியானம், கரண்ட் போயிருந்த நேரத்தில், ரெஜிஷா கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது ஆர்யா வந்தாள். முதல் வருடப் பிள்ளை. பிரின்ட் எடுக்க வந்து வந்து பழகியவள்.

"சேச்சி, எனக்கு ஒரு ஆளு வேணும்."

"எதுக்கு?"

"கேஸ் எழுத. இந்த வருசம் புதிய மிஸ்ஸாக்கும். நாய்க்குப் பயந்தவன் வந்தா மார்க்கு இல்லேண்ணு கிளாசுல சொல்லியாச்சு. உள்ள ஆள உள்ளபடி கண்டு பேசணுமாம்."

"என்னையா?"

"ஆமா. சேச்சிக்குப் பேரு வராது. எழுத்து ரெண்டு மட்டும்தான் வரும். இதுல ஒப்பு போட்டா மதி."

ரெஜிஷா கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள். ஆர்யா கேள்வித்தாளை மடியில் விரித்தாள்.

"கடந்த ரெண்டு வாரத்துல உறக்கம் ஒழுங்கா வருதா?"

"வரும்."

"விசப்பு?"

"உண்டு. நல்லா பசிக்கும்."

"கரச்சில்?"

"அழுகை இல்ல."

இருபத்தொரு கேள்விக்கும் இதே கதிதான். ஆர்யா பேனாவை மூடினாள். "ஒண்ணுமே இல்லேண்ணா நான் என்னத்த எழுதட்டு, சேச்சி? அஞ்சு பக்கம் வேணும்."

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ரெஜிஷாவுக்குப் பாவமாக இருந்தது. பக்கம் நிறையாமல் வந்து நிற்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் பக்கம் நிறைத்துக் கொடுத்திருக்கிறாள். இதையும் அப்படித்தான் கொடுத்தாள்.

அவள் புருஷன் ஜஸ்டஸ் மீன்பிடிக்கப் போகிறவர். அதற்கு நான்கு வருடம் முன்பு, ஆடி மாசத்தில், மகள் ஜோஸ்னாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். தானே போவதாகச் சொன்ன ஜஸ்டஸ் கடைசி நேரத்தில் கடலுக்குப் போகிறேன் என்றார். ராத்திரி சண்டை. விடியுமுன்னே அவர் பேசாமல் இறங்கிப் போனார். காலையில் ரெஜிஷா தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர் பெயர் தெரிந்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். மறுபடியும் அடித்தது. அதையும் விட்டாள். கொஞ்ச நேரத்தில், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்தது என்று ஒரு ஆள் வந்து சொன்னார். மூன்றாம் நாள் உடம்பு கிடைத்தது. அப்பா ஏன் கூப்பிட்டார், நீ ஏன் எடுக்கவில்லை என்று ஜோஸ்னா கேட்டாள். போன் சைலன்டில் கிடந்தது மக்கா என்று ரெஜிஷா சொன்னாள்.

"அதுக்குப் பொறவு சேச்சிக்கு எப்படித் தோணிச்சு?"

"ஒண்ணும் தோணல்ல."

"இப்போ?"

"இப்பவும் ஒண்ணும் தோணல்ல."

ஆர்யா எழுதிக்கொண்டாள். ரெஜிஷா சோற்றுப் பாத்திரத்தைத் துடைத்துப் பையில் வைத்தாள். கரண்ட் வந்துவிட்டதால் உள்ளே போனாள்.

மார்ச்சில் கையெழுத்துத் தாள்கள் டைப்புக்கு வந்தன. "சேச்சி அர்த்தமொண்ணும் பாக்கண்டாம், அப்படியே அடிச்சா மதி" என்று சொல்லி ஆர்யா அவசரமாகப் பஸ்ஸுக்கு ஓடினாள். ரெஜிஷா கடைசிப் பக்கத்தை எடுத்தாள். பட்டியலில் மூன்றாவது புத்தகத்துக்கு வருடம் இல்லை. அதைக் குறித்து வைத்தாள். முன்னால் புரட்டியபோது தன் வீடு வந்தது. நாற்பத்தொரு வயது, பெண், பொழியூர், மீனவரின் விதவை, பாறசாலையில் டைப் வேலை. பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்து. பொழியூரிலிருந்து பஸ் ஏறிப் பாறசாலைக்கு வந்து டைப் அடிக்கிறவள் ஒருத்திதான் உண்டு. எழுத்தை மறைத்து என்ன, மறைக்காமல் என்ன. அடுப்பு, தோசை, இரண்டு தடவை அடித்த போன், மகளிடம் சொன்ன பொய் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆர்யா கெட்டிக்காரி. ஒன்றையும் விடவில்லை.

ரெஜிஷா அடித்து முடித்தாள். விட்டுப்போன வருடத்தைத் தேடிப்பிடித்துப் போட்டாள். பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்தாள்.

அந்த ரெக்கார்டுக்குத்தான் கிளாசிலேயே அதிக மார்க். சுகுமாரி அதை மாடல் ஃபோல்டருக்குள் போட்டாள். "நாய இனி ஓட்டி விடலாம்" என்றாள்.

ஜூனில் ஜோஸ்னாவுக்கு அலாட்மென்ட் வந்தது. அதே கல்லூரி, அதே சைக்காலஜி. "அம்மா கடையில இருந்து கேட்டுக் கேட்டு வந்த ஆசையாக்கும்" என்று அவள் பக்கத்து வீட்டு மேரிக்குட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெஜிஷா துணி காயப்போட்டுக்கொண்டே அதைக் காதில் வாங்கினாள். முதல் ரெக்கார்டுக்கு ஜோஸ்னா எங்கே வருவாள் என்று யோசிக்க வேண்டியதில்லை.

கடையில் இருக்கும் கேஸை அழித்துவிடலாம். ஆனால் சுகுமாரி அதை ஏற்கெனவே மூன்று பிள்ளைகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். கடையில் இல்லையென்றால் அவர்கள் ஆர்யாவிடம் போய்க் கேட்பார்கள். கல்லூரி திறந்த வாரம் ஆர்யா கடைக்கு வந்தபோது ரெஜிஷா அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மக்கா, ஒங்கிட்ட இருக்கிய கேஸ ஆருக்கும் குடுக்கண்டாம். கேட்டா கடைக்கு அனுப்பு."

ஆர்யா அவளைப் பார்த்தாள். "சேச்சி வாசிச்சா?"

"அடிச்சது நானல்லியா."

"அர்த்தம்..."

"ஜோஸ்னா வாறா, இந்த வருசம். ஒங்க காலேஜுக்காக்கும்."

ஆர்யா போனை எடுத்து, ஃபைலைத் தேடி, ரெஜிஷாவுக்குத் தெரியும்படி பிடித்து அழித்தாள். "பிரின்ட் டிபார்ட்மென்ட் அலமாரியில கெடக்கு, சேச்சி. அதை ஆரும் எடுக்க மாட்டாவ" என்றாள்.

கடையில் இருந்த கேஸை மாற்ற ரெஜிஷாவுக்கு இரண்டு மத்தியானம் ஆயிற்று. பிள்ளைகள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நாற்பத்தொன்றை ஐம்பத்திரண்டு ஆக்கினாள். பெண்ணை ஆண் ஆக்கினாள். பொழியூரை அம்பூரி ஆக்கினாள், டைப் வேலையை ரப்பர் வெட்டு ஆக்கினாள். பள்ளிக்கூடத்துச் சண்டையைப் பணச் சண்டை ஆக்கினாள், சைலன்டில் கிடந்த போனைச் சார்ஜ் இல்லாத போன் ஆக்கினாள். புருஷனின் வள்ளம் மனைவி ஏறிப்போன ஜீப் ஆயிற்று. அந்த ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்தது. ஜீப்புக்கும் பாதைக்கும் வேண்டிய வரிகளைப் பழைய ரெக்கார்டுகளில் தேடி எடுத்து ஒட்டினாள். இல்லாத இடத்தில் தானே இரண்டு வரி எழுதினாள். ஆங்கிலத்தில் அவள் சொந்தமாக எழுதிய முதல் வரிகள் அவை. தப்பிருக்கலாம். போன் இரண்டு தடவை அடித்ததை மாற்றலாமா என்று பார்த்தாள். அதை எடுத்துவிட்டால் கேஸில் ஒன்றும் மிச்சமில்லை. விட்டுவிட்டாள்.

நவம்பரில் ஜோஸ்னா கடைக்கு வந்தாள். புதிய மிஸ் மாற்றலாகிப் போயிருந்தார். மாடல் பார்த்தே எழுதலாம் என்று ஆகிவிட்டது. கேஸை எடுத்துக்கொள்ளலாம், விவாதம் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டுமாம். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள். ரெஜிஷா யாருடையதோ ரேஷன் கார்டை மெஷினில் வைத்துக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த அம்பூரிக்காரரு பொண்டாட்டி விளிச்சப்போ போனை எடுக்கல்லியாம். பாத்துட்டே இருந்தாராம்."

"ம்."

"பிள்ளைகிட்ட கள்ளமும் சொல்லியிருக்காரு. என்ன மனசு பாரு."

சுகுமாரி உள்ளேயிருந்து, "ஆம்பளைகளுக்கு அப்படியாக்கும், மக்கா. எங்க வீட்டு ஆளு பக்கத்துல இருந்து விளிச்சாலும் கேக்காது" என்றாள். ஜோஸ்னா சிரித்தாள்.

"அவருக்குக் குற்ற உணர்ச்சி உண்டுமா, அம்மா? விவாதத்துல அதைத்தான் எழுதணும்."

"கேஸ்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் தோணல்லேண்ணு சொன்னாராம்."

"அப்படிண்ணா அதை எழுது."

"அதெப்படி ஒண்ணும் தோணாம இருக்கும்? வெளியே சொல்லாம மறைக்காருண்ணு எழுதட்டா?"

ரெஜிஷா காப்பியை எடுத்து, கார்டோடு சேர்த்து, நின்றவர் கையில் கொடுத்தாள். "ஒனக்கு அப்படித் தோணிச்சுண்ணா எழுது" என்றாள். "புத்தகப் பேரெல்லாம் ஒழுங்கா குறிச்சு வை. வருசம் விட்டுராத."

ஜோஸ்னா அப்படியே எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. அந்த மனிதர் துக்கத்தை மூடி வைத்திருக்கிறார், மகளிடம் உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று எழுதியிருந்தாள். ஆதாரத்துக்கு மூன்று புத்தகம் காட்டியிருந்தாள். ரெஜிஷா கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு இடத்தில் வரிசையைத் திருத்தி, அடித்துக் கொடுத்தாள்.

ஜோஸ்னா இப்போது இரண்டாம் செமஸ்டர் படிக்கிறாள். அம்பூரிக்காரரின் கேஸ் மாடல் ஃபோல்டரில் இருக்கிறது; இதுவரை ஆறு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். அப்பா கூப்பிட்டபோது அம்மாவின் போன் சைலன்டில் கிடந்தது என்றுதான் ஜோஸ்னாவுக்குத் தெரியும். ரெஜிஷா வேறு எதுவும் அவளிடம் சொல்லவில்லை.