ஒன்பதாவது கட்டத்தில் என்ன எழுதுவது?

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் எந்தக் காகிதத்தையும் கிழித்ததில்லை, தொலைத்ததில்லை, முடித்ததும் இல்லை. இடப்பக்கமாக வருகிற கோப்பில் பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, தேதி போட்டு, வலப்பக்கமாக நகர்த்துவார். என்னத்தைப் பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாவம், அவரும் திணறித்தான் போயிருப்பார். அலுவலகத்தில் அவருக்குப் ‘பார்த்தேன் சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் காதில் விழுந்தபோது, உழைப்புக்குக் கிடைத்த பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கும் ஒரு சோதனை வந்தது. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் மனைவிக்கு மதிய ஷிப்ட் விழுந்தது. வீட்டில் ஆள் இல்லை. பத்து வயது மகள் பள்ளி விட்டதும் நேராக அப்பாவின் அலுவலகத்துக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே கிடந்த பெஞ்சில் ஆறு மணி வரை உட்கார்ந்தாள். இப்படி இரண்டு மாதம். மனுக் கொடுக்க வருகிறவர்கள், “உனக்கு என்னம்மா பிரச்சினை? எத்தனை நாளா அலையறே?” என்று துக்கம் விசாரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

பக்கத்துத் தெருவில் சிறுவர் மன்றம் ஒன்று இருந்தது. பள்ளி முடிந்த பிள்ளைகள் அங்கே போய் விளையாடலாம், எதையாவது கழற்றி மாட்டலாம். அவள் வகுப்புத் தோழி, குழாய் ரிப்பேர்க்காரர் மகள், அங்கேதான் போகிறாள். இந்த வருடத்துக்கு ஒரே ஒரு இடம் பாக்கி. ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். தவறினால் மறுபடி அந்த பெஞ்சுதான், ஒரு வருடத்துக்கு. மகள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து.

கூடத்தில் பசை நாற்றமும் பிள்ளைகள் சத்தமும் நிறைந்திருந்தன. டேபிள் டென்னிஸ் வலையை ஷூ லேஸால் கட்டியிருந்தார்கள். மன்றத்தை நடத்துகிறவரைக் குழந்தையிலிருந்து கிழவர் வரை ‘அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். அந்த அக்கா விண்ணப்பத்தைக் கொடுக்க, நம்மவர் அதைத் தன் கைப்பட, கொட்டை எழுத்தில், இருபது நிமிடம் செலவழித்துப் பூர்த்தி செய்தார்.

“மத்த கட்டமெல்லாம் சரி சார். ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கே?”

ஒன்பதாவது கட்டம் கேட்டது இதுதான்: மாதத்தில் ஒருநாள் மாலை, பிள்ளைகளுக்கு நீங்கள் எதைக் கற்றுத்தருவீர்கள்?

“இது கட்டாயமா மேடம்?”

“அது மட்டுந்தான் சார் கட்டாயம். மத்த எட்டும் சும்மா.”

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே பெற்றோர்கள் பெயரும் வித்தையும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பஞ்சர் ஒட்டுவது. பொத்தான் தைப்பது. மின்விசிறியைத் துடைப்பது. தேள் கொட்டினால் என்ன செய்வது. மூலையில் குழாய் ரிப்பேர்க்காரர் பத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நம்மவர் அந்தக் காட்சியை, லிப்டில் தன் கூட ஏறிய காய்கறிக் கூடையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ‘ஆளுமை மேம்பாடு’ என்று எழுதினார்.

“போன வருஷம் ஒருத்தர் இதைத்தான் எடுத்தாரு சார்” என்றார் அக்கா. “பத்தாவது நிமிஷம் பிள்ளைங்க எல்லாம் ஜன்னல் வழியா இறங்கிட்டாங்க.”

“ஜன்னல் வழியாவா!”

“தரைத்தளந்தானே. யாருக்கும் அடிபடல. சரி, வீட்ல என்ன வேலை பார்ப்பீங்க? பல்பு மாத்துவீங்களா?”

“ஆளைக் கூப்பிடுவேன்.”

“சமையல்?”

“சாப்பிடுவேன்.”

“குழாய்...”

“அந்தக் கூப்பிடுற ஆளு நான்தாங்க்கா!” என்று மூலையிலிருந்து குரல் வந்தது. “வால்வு எங்க இருக்குன்னு சாரைக் கேட்டா, ஃப்ரிட்ஜைக் காட்டுறாரு!”

பத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். “அம்மாக்கு எல்லாம் தெரியும்ப்பா. ஆனா சாயங்காலம் வர முடியாதே. உங்களுக்கு ஒண்ணாவது தெரிஞ்சிருக்கும், நல்லா யோசிங்கப்பா.”

அவர் யோசித்தார். ஒரு மனிதன் தன் நாற்பத்தெட்டு வருடத்தையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறுகிற காட்சி அது. ஒன்றும் விழவில்லை.

அந்த நேரம் ஒரு சிறுமி அக்காவிடம் ஒரு தாளை நீட்டினாள். மன்றத்துக்குப் பின்னால் எரியாத தெருவிளக்குக்காகப் பிள்ளைகள் சேர்ந்து எழுதிய கடிதம். போகிற வழியில் அது அவர் கண்ணில் பட்டது. கை தானாக நீண்டு தாளைப் பிடித்தது.

“தேதி இல்ல. யாருக்குன்னு இல்ல. கம்பத்து நம்பர் எங்கே? ‘எரியவில்லை’ன்னா, எப்பலேர்ந்து எரியல? இதுக்கு முன்னாடி எரிஞ்சதுன்னு என்ன ஆதாரம்? போ, போய்த் திருத்திட்டு வா!”

சிறுமி வெலவெலத்துப் போனாள். அக்காவோ முகம் மலர்ந்து பேனாவை எடுத்து, அவர் எழுதியதை அடித்துவிட்டு, ஒன்பதாவது கட்டத்தில் எழுதினார்: ‘அதிகாரியிடமிருந்து காரியத்தை வாங்குவது எப்படி’.

“நீங்க ஒண்ணுமே சொல்லித்தர வேண்டாம் சார். ஒரு மேசை போடறேன், உக்காருங்க. ஆபீஸ்ல என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. பிள்ளைங்க உங்களைத் தாண்டிப் போகக் கத்துக்கட்டும்.”

இவ்வளவு நீளமான பேச்சில் அவர் காதில் விழுந்தது ‘மேசை’ என்ற ஒரு சொல்தான்.

“இப்பவே ஒருதடவை பார்த்துடலாம்” என்றார் அக்கா. “முதல் மனு உங்க பொண்ணோட விண்ணப்பம். பெற்றோர் கையெழுத்து இன்னும் போடலையே நீங்க. போட்டா இடம் அவளுக்கு.”

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் அவர் முதுகெலும்பு நிமிர்ந்தது. கண் பாதி மூடியது. உலகத்தின் மீதே ஒரு சலிப்பு வந்து முகத்தில் குடியேறியது. மணி நாலு நாற்பத்தெட்டு.

“அப்பா, கையெழுத்து.”

“இங்க அப்பா கிடையாது. எழுத்து புரியல. தெளிவா எழுதிட்டு வா.”

சற்றுமுன் தானே எழுதிய எழுத்தைத் தானே புரியவில்லை என்று திருப்பி அனுப்பிய அதிகாரி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மகள் அதே எழுத்தின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினாள். “திருத்தல் இருக்கு. திருத்தினா பக்கத்துல சுருக்கொப்பம் வேணும்.” அதைப் போட்டாள். “போட்டோ சாஞ்சிருக்கு.” நேராக்கினாள். “பசை காயல. காஞ்சதும் நாளைக்கு வா.”

“சார், மணி ஆகுது, உங்க சொந்தப் பொண்ணு சார்!” என்று குழாய்க்காரர் ஸ்பேனரும் கையுமாக எழுந்து வந்தார்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார் அவர். சொல்லும்போது கண்ணில் நீர் துளிர்த்தது. தன் நேர்மையை நினைத்து.

நாலு ஐம்பத்தேழு. பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். மகள் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மாதத்தில், அழுதவர்கள் காரியம் அப்பாவின் அலுவலக மேசையில் நகர்ந்து அவள் பார்த்ததில்லை. கத்தியவர்கள் காரியமும், எல்லாத் தாளையும் ஒழுங்காகக் கொண்டுவந்தவர்கள் காரியமும்கூட நகர்ந்ததில்லை. அவள் வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள். இந்த முறை தாளை நீட்டவில்லை, மேசைமேல் வைத்தாள். குனிந்து, ரகசியம்போலச் சொன்னாள்:

“மேலேர்ந்து சொல்லியிருக்காங்க சார்.”

“யாரு?”

“உங்களுக்கே தெரியும்னாங்க.”

அவர் எழுந்து நின்றார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். போட்ட இடத்தை வாயால் ஊதி உலர்த்தி, இரண்டு கையாலும் மகளிடம் கொடுத்தார். “இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? சின்னப் பிள்ளையை இப்படி அலையவிட்டுட்டேனே!”

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அக்கா பட்டியலின் கடைசி வரியில் அவள் பெயரை எழுதிப் புத்தகத்தை மூடினார். மகள் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாஷர் மாற்ற ஓடினாள். தெருவிளக்குக் கடிதத்தை வைத்திருந்த சிறுமி அதன் தலைப்பில் ‘மேலிடத்து உத்தரவுப்படி’ என்று இப்போதே சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அனைத்தையும் அவர் லேசாகத் தலையசைத்துத் தனக்கே வாங்கிக்கொண்டார். பிறகு அக்காவின் பக்கமாக ஒதுங்கி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டபடி, யார் காதிலும் விழாமல் கேட்டார்:

“மேடம்... மேலேர்ந்து பேசினது யாருன்னு உங்களுக்கு எதாவது தெரியுமா?”