கோட்டுப் பையிலிருந்த டிக்கட்

ஊரே நம்புகிற குதிரையில் நான் ஒருநாளும் பணம் கட்டியதில்லை. முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவன். சித்திரையில் நுவரெலியாப் பந்தயத்துக்கு வரும் கூட்டம் குதிரையைப் பார்த்துக் கட்டாது. பக்கத்தில் நிற்பவன் எதில் கட்டுகிறான் என்று பார்த்துத்தான் கட்டும். அதனால் ஊர் நம்பும் அந்த முதல் குதிரைக்குத் தகுதியை மீறிய மதிப்பு ஏறிவிடும். மற்றக் குதிரைகளுக்குப் பந்தயம் கட்டும் புக்கி கடையில் நல்ல விலை கிடைக்கும், ஜெயித்தால் கட்டிய காசு பல மடங்காகத் திரும்பும். அங்கேதான் என் ஆட்டம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கிருந்த ஒரே கர்வம் அது.

இந்த ஆட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் குதிரை கட்டாயம் ஓட வேண்டும். அது விலகிவிட்டால் மற்றவற்றின் விலை படுத்துவிடும். முன்கூட்டியே எடுத்த டிக்கட்டுக்கு வரும் பணத்திலும் ஒரு பங்கை வெட்டிவிடுவார்கள். அது ஓடவும் வேண்டும், தோற்கவும் வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஊரே நம்பிய குதிரையைப் பராமரித்தவன் என் நண்பன். கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். நான் படித்து வாத்தியாரானேன். அவன் ஐந்தாம் வகுப்போடு நின்று, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய், அங்கேயே கிழவனானான். எல்லோருக்கும் நான் ‘சார்’. அவன் மட்டும் ‘டா’ போடுவான்.

“இந்தத் தடவையாவது என் குதிரைல கட்டுடா,” என்றான். “மொதலாவதா வர்றவனக் கண்டாலே ஒனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்துலயும் கடைசி பெஞ்சுப் பயலுகளத்தான் தூக்கி வச்சிக் கொண்டாடுன.”

“கட்டிட்டேன். போதுமா?”

கட்டியிருந்தேன், வேறொரு குதிரையில்.

பந்தயத்துக்கு முதல் நாள் காலையில் அவனைப் பார்க்கப் போனேன். குதிரையின் முன்னங்காலில் குழாய்த் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வழக்கமாக வரும் கிண்டல் வரவில்லை.

“ராத்திரியிலருந்து இந்தக் காலு சுடுது. தொட்டுப் பாரு.”

தொட்டேன். மற்றக் காலையும் தொட்டேன். வித்தியாசம் என் கைக்கே தெரிந்தது.

“பெரியவங்ககிட்ட சொல்லிறவா? சொன்னா ஓட விட மாட்டாங்க. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. நீ படிச்சவன், சொல்லுடா.”

முந்தின நாள் எடுத்த டிக்கட் என் கோட்டின் உள்பையில் இருந்தது. குதிரையின் காலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. இருந்தும் சொன்னேன்.

“இது குளிருக்குப் பிடிச்சிருக்கு. ஓடினா சரியாயிரும். இப்பப் போய் வாயத் திறந்தா, நீ சரியாப் பாக்கலேன்னு ஒன் தலையிலதான் போடுவாங்க. பேசாம இரு.”

அவன் முகம் தெளிந்தது. “நீ சொன்னாச் சரிதான்,” என்று குழாயை மூடினான்.

மறுநாள் கடைசி வளைவில் அந்தக் குதிரை இரண்டு முறை தடுமாறி நின்றுவிட்டது. ஓட்டியவர் இறங்கினார். முதலில் வந்தது என் குதிரை. எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வந்தது. ஒரு கணம் வந்தது.

பிறகு அவனிடம் ஓடினேன். தூறல். தன் சட்டைக்கு மேல் போட்டிருந்ததைக் கழற்றிக் குதிரையின் முதுகில் போர்த்திவிட்டு, அதன் காலைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான். என் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டேன். அந்த இரக்கம் பொய்யில்லை. அதில்தான் பையை மறந்தேன்.

முதலாளி வந்து சிங்களத்தில் கேட்டார், கால் சுட்டது உனக்குத் தெரியாதா என்று. தெரியும் என்றான். ஏன் சொல்லவில்லை என்றார். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. நான் ஆறடி தள்ளி நின்றேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அன்றோடு அவன் வேலை போயிற்று. குதிரை அதற்குப் பிறகு ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து கோட்டைத் துவைத்து, மடித்து எடுத்து வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வாசற்படியிலேயே நின்றான்.

“டிக்கட்ட எடுத்து வச்சிட்டுத்தான் துவச்சோம். திரும்பப் பையிலயே வச்சிருக்கு.”

கோட்டை வாங்கக் கை நீட்டினேன்.

“தேதி பாத்தேன். நான் காலக் காட்டுறதுக்கு மொதல் நாளு. வேற குதிரைல கட்டினது பெரிய விசயமில்ல, அது ஒங்க கணக்கு. ஆனா நான் கேட்டேன்ல? அது குதிரைக்காகக் கேட்டது.” கோட்டை என் கையில் வைத்தான். “வர்றேங்க சார்.”

நாளானால் செல்லாது என்பதால் மறுநாளே போய் அந்த டிக்கட்டைப் பணமாக மாற்றினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் கொட்டகலையில் பஸ் ஏறினேன். நிற்க இடமில்லை. ஹட்டனிலிருந்து உட்கார்ந்து வந்த ஒருவன் என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்து மெதுவாக எழுந்தான். அவன்தான். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவன் முழங்கால்கள் என்னுடையதைவிட மோசம்.

“ஒக்காருங்க சார்.”

வேண்டாம் என்றேன். “ஐயா, சார் நிக்கிறாங்க, கொஞ்சம் வழி விடுங்க,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். எல்லோரும் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். தலவாக்கலை வரைக்கும் அவன் என் தோளுக்கு மேலே கம்பியைப் பிடித்தபடி நின்று வந்தான். ஜன்னலுக்கு வெளியே மட்டும் பார்த்தான்.