தீர்ப்புச் சொல்லாத நடுவர்

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சேலையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அமெரிக்க அரசியல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. அதிபர் தேர்தலுக்கு ஒரு கட்சி தன் வேட்பாளரை முடிவு செய்யும் முன், போட்டியிடுகிறவர்களை ஒரே மேடையில் வைத்து விவாதிக்கச் செய்வார்களாம். அதை ஆங்கிலச் செய்திச் சேனல் ஒன்று நேரடியாகக் காட்டியது. எதையும் ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. அது தொடங்கும் முன்பே காபியோடு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என்னைக் கவர்ந்தது அங்கிருந்த ஒழுங்கு. ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் உண்டு. மீறினால் நடத்துபவர் குறுக்கே வருகிறார். யாருக்கும் பொன்னாடை இல்லை, மேடைக்குப் பின்னால் தலைவர் படம் இல்லை. ‘நண்பர்’ என்று கனிவாகத் தொடங்குகிறவர், அடுத்த வாக்கியத்திலேயே அந்த நண்பர் எப்போதோ சொன்னதை எடுத்து எல்லார் முன்னாலும் போடுகிறார். ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண் வேட்பாளர். மற்றவர்கள் பேசும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். தன் முறை வந்ததும் காகிதத்தைப் பார்க்காமல், விரல் மடக்கி விஷயங்களை வரிசையாகச் சொன்னார்.

என் மனைவி கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கரண்டியோடு வந்து நின்றவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“எல்லாரும் ஒரே கட்சின்னீங்க?”

“ஒரே கட்சிதான்.”

“அப்புறம் ஏன் இந்தச் சண்டை? நம்ம ஊரா இருந்தா இந்நேரம் நாலு பேரையும் கட்சியை விட்டே தூக்கியிருப்பாங்க.”

அப்போதுதான் காலனி சங்கத்தின் செயலாளர் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, நல்ல மனிதர். பல வருடங்களாகச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தினமும் காலையில் பொதுத் தொட்டியின் வால்வுகளைத் தெருத் தெருவாக அவரே திறந்து மூடுவார். முதல் தெருவில் திறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு காபி, ஆங்கிலப் பேப்பரில் ஒரு புரட்டல். பிறகு அடுத்த வால்வு. எங்களுடையது கடைசித் தெரு.

அன்று அவர் பேப்பரைத் தொடவில்லை. டிவியைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. “அட, பட்டிமன்றம்! ரெண்டு அணியா சார்?”

“அணி எல்லாம் இல்லை. ஆளாளுக்குத் தனி.”

“நடுவர் நல்லா கேக்கறார். தீர்ப்பு எப்போ?”

எனக்கும் தெரியவில்லை. கடைசியில் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஈராக், மருத்துவச் செலவு, வரி என்று விவாதம் நீண்டது. செயலாளர் தொடையைத் தட்டி ரசித்தார். யாராவது நன்றாகப் பேசிவிட்டால் “பாயிண்ட்டு, பாயிண்ட்டு” என்றார். முடிவில் எல்லோரும் எழுந்து கைகுலுக்கினார்கள், விளம்பரம் வந்தது. அவர் நகரவில்லை. இன்னொரு விளம்பரமும் போனது.

“என்ன சார் இது? நடுவர் ஒண்ணுமே சொல்லாம போயிட்டாரே!”

பின்கட்டிலிருந்து காலிக் குடத்தோடு என் மனைவி வந்தாள். “தீர்ப்பு மட்டுமில்ல சார், தண்ணியும் வரல.”

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். முதல் தெரு வால்வு அதுவரை திறந்தே கிடந்திருக்கிறது. அந்தத் தெருவில் மாடித் தொட்டிகள் வழிந்து சாக்கடையில் ஓட, பொதுத் தொட்டி வற்றிவிட்டது. திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் மனைவி அவருக்கு இன்னொரு காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

“சார், இந்த வருஷம் செயலாளர் பதவிக்கு நானும் நிக்கறேன்.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கள் சங்கத்தில் யாரும் நின்றதே கிடையாது. ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் பெயரை ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டியதும் போண்டா வந்துவிடும். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள், அந்தக் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

செயலாளர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். “தாராளமா நில்லுங்க டீச்சர். ஆனா ஒரு கண்டிஷன். இதே மாதிரி மேடை போட்டுப் பேசணும். சார்தான் நடுவர்.”

“ஐயோ, நான் அவங்க வீட்டுக்காரன்.”

“அதனாலதான் சார், அவங்க பக்கம் பேச உங்களுக்குத் தைரியம் வராது.”

பொதுக்கூட்டம் பிள்ளையார் கோயிலை ஒட்டிய காலி மனையில் நடந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் என்று விதி வகுத்தேன். பள்ளியிலிருந்து மணி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். பின்வரிசையில் என் மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். முந்தின இரவு கேட்டிருந்தாள்: “நின்னுட்டு, பேச்சு வரலன்னா?”

செயலாளர் முதலில் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! காலனியின் தூண்களாக விளங்கும் மூத்தோர்களே! தாய்மார்களே! கோயில் கமிட்டி நண்பர்களே! என்னை எதிர்த்து நிற்கும் என் அன்புச் சகோதரி அவர்களே! மைக் செட் அமைத்துத் தந்த அன்புத் தம்பியே! சுவையான போண்டாவோடு காத்திருக்கும் சமையல் மாஸ்டர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான…”

மணி அடித்தேன்.

“சார், நான் இன்னும் வணக்கமே சொல்லலியே!”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் மனைவி மைக் முன்னால் வந்துவிட்டாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நடுக்கம் அதோடு போயிருக்க வேண்டும். யாரையும் விளிக்கவில்லை.

“கடைசித் தெருவுக்கு ஏழரைக்குத் தண்ணி வருது. ஏழே காலுக்கு நான் ஸ்கூல் கிளம்பணும். என்னை மாதிரி வேலைக்குப் போறவங்க அந்தத் தெருவுல எட்டு வீட்ல இருக்காங்க. வாரம் ஒரு தெருவுக்கு முதல்ல திறந்தா என்ன? இதை சாரை நேராவே கேக்கறேன். பதில் சொல்லட்டும்.”

உட்கார்ந்துவிட்டாள். நான் மணியைத் தொடவே இல்லை.

செயலாளர் எழுந்து மோவாயைத் தடவினார். “செய்யலாம். தாராளமா செய்யலாம். இத்தனை வருஷமா யாருமே கேக்கலியே டீச்சர்!”

“நீங்க கேக்க விடாம கைதட்ட வெச்சீங்களே சார்!” என்றது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். இந்த முறை செயலாளரும் சேர்ந்து சிரித்தார்.

உடனே எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தீர்ப்பு வேண்டுமாம். மைக் செட்காரர் அவசரப்படுத்தினார்: “சார், சட்டுனு தீர்ப்ப சொல்லு சார். எனக்குச் சிட்லபாக்கத்துல இன்னொரு பங்ஷன் கீது.”

“நடுவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார்” என்றேன். “கேட்டவங்கதான் சொல்லணும். கை தூக்குங்க.”

“அப்போ நீ இன்னாத்துக்கு சார்?”

“மணி அடிக்க.”

கைகள் எழுந்தன. முதலில் பெண்கள், பிறகு அவர்களைப் பார்த்து அவர்கள் வீட்டு ஆண்கள். முதல் தெருவிலிருந்தும் பல கைகள். எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் இரண்டு முறை எண்ணினேன். என் மனைவி ஜெயித்திருந்தாள். செயலாளர் தன் கைக்குட்டையை உதறி, பொன்னாடை மாதிரி அவள் தோள் பக்கம் நீட்ட, போண்டா வந்து சேர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் எங்கள் கேட்டைத் தட்டினார். கையில் வால்வு திருப்பும் நீண்ட இரும்புக் கம்பி. பள்ளிக்குக் கட்டியிருந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் மனைவி அவரோடு நடந்தாள். நானும் பின்னால் போனேன். கடைசித் தெரு வால்வுக் குழிக்குள் கம்பியை இறக்கி இரண்டு கையாலும் திருப்பினாள். அசையவில்லை.

“இடது பக்கம் டீச்சர். அழுத்தாதீங்க, லேசா. அரைச் சுத்து போதும்.”

குழாய்க்குள் எங்கோ காற்று இருமியது. பிறகு மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம். கடைசித் தெருவிலிருந்து யாரோ ஒரு பெண் கத்தினாள்: “டீச்சர், வந்துடுச்சு!”

“போய்க் குடத்தை வைங்க” என்றாள் என்னிடம், கம்பியை விடாமல்.