வெள்ளைக் கார் குடித்த ஆயில்

எங்கள் வீட்டு வெள்ளைக் கார் ஆயில் குடிக்கிறது என்று முதலில் சொன்னவர் அதை ஓட்டிய டிரைவர் மாமாதான். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சுற்று வட்டாரத் தறிகளில் நெய்த துணியை வாங்கி, வெளுத்து, சுருள் சுருளாகக் கட்டி மதுரை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பார். வாரத்தில் ஐந்து நாளாவது மதுரை போய்வர வேண்டும். முன்பு இருந்த பழைய பெரிய கார் நின்ற இடமெல்லாம் ஆயிலைச் சொட்டும். வாசலில் அது போட்டு வைத்த கறுப்பு வட்டத்தை அம்மா எதைப் போட்டுத் தேய்த்தும் எடுக்க முடியவில்லை. அதை விற்றுவிட்டு, அந்தக் காலத்தில் ஊரே ஆசைப்பட்ட புது மாதிரிச் சின்னக் காரை அப்பா வாங்கினார். மூன்றாவது வருஷமும் அது நின்ற தரை துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா காரைக் காட்டமாட்டார். குனியச் சொல்லி, காருக்குக் கீழே உள்ள தரையைக் காட்டுவார்.

டிரைவர் மாமா பக்கத்து ஊரான சோழபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். அதிகம் பேசமாட்டார். காலையில் வந்ததும் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவுக்கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். ஒருநாள் அப்பாவிடம், “அண்ணாச்சி, வண்டி ஆயில் குடிக்குது. ஊத்த ஊத்தக் கொறையுது” என்றார்.

“ஒழுகுதா?”

“ஒழுகல.”

“பொறவு எங்க போகும்? புது வண்டி எங்கயாவது ஆயில் குடிக்குமா?”

பட்டறையில் கேட்டார்கள். மெக்கானிக் கீழே படுத்து, எழுந்து, ஒழுகலும் இல்லை புகையும் இல்லை என்றார். “எடுத்தாத்தான் கொறையும்” என்று சிரித்துக்கொண்டே அவர் சொன்னது அப்பாவின் மனத்தில் ஊசி மாதிரி இறங்கிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா இதைப் பற்றி அம்மாவிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பெரியவர்கள் பேச்சில் சொல்ல என்னிடமும் ஒரு சேதி இருக்கிறது என்ற சந்தோஷத்தில், “டிரைவர் மாமா டின்னுல ஆயில ஊத்தி சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போனாவ. நான் பாத்தேன்” என்றேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். எங்கே, எப்போது என்று இரண்டு தடவை கேட்டார். நம் வாசலில், போன வாரம் என்று நான் இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னேன். ஒரே மாதிரி சொன்னதற்காக அம்மா என் தலையைத் தடவினாள்.

மறுநாள் காலை டிரைவர் மாமா வழக்கம்போல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “நாளையிலருந்து வர வேண்டாம்” என்றார் அப்பா.

“என்ன குத்தம் அண்ணாச்சி?”

“உனக்கே தெரியும்.”

அவர் மீதிக் கண்ணாடியையும் துடைத்து முடித்தார். துணியைப் பிழிந்து காயப்போட்டார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லி சைக்கிளை எடுத்தார். என்னைப் பார்த்தும் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

சாயங்காலம் மில்லிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். நூல் மில்லின் சோதனை அறையில் வேலை. நூலை அளந்து சுற்றி, சின்னத் தராசில் நிறுத்து, இழுத்து அறுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு தடவை பார்த்ததை அவள் பார்த்ததாகவே ஒத்துக்கொள்ளமாட்டாள். வீட்டில் குழம்பில் உப்பு இல்லையென்று யாராவது சொன்னால், இன்னொருவரையும் ருசி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் உப்பு டப்பாவைத் திறப்பாள். மொபெட்டில் மில்லுக்குப் போவாள். அந்த நாளில் எங்கள் தெருவில் மொபெட் ஓட்டிய ஒரே பெண்பிள்ளை அவள்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவாள்.

நடந்ததை அம்மா சொல்லக் கேட்டவள், என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள்.

“ஏட்டி, டின்னுல இருந்தது என்ன கலரு?”

அதை அதுவரை யாரும் கேட்கவில்லை. “கறுப்பு” என்றேன்.

அத்தை எழுந்து போய், காருக்கு ஊற்ற வாங்கி வைத்திருந்த டப்பாவைத் திறந்து ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விட்டாள். தேன் மாதிரி இருந்தது. “இது கறுப்பா?” என்றாள். நான் இல்லை என்றேன். “ஓடுன ஆயில்தான் கறுக்கும். புதுசு இப்பிடித்தான் இருக்கும்” என்றாள் அத்தை.

அப்பா அசையவில்லை. “கறுப்ப எடுத்தவன் புதுச எடுக்க மாட்டானா?” என்றார். டிரைவர் மாமாவிடமே போய்க் கேட்டுவிடலாமே என்று அம்மா சொன்னாள். அத்தை தலையை ஆட்டினாள். “அவிய சொன்னா அண்ணன் நம்பாது, மதினி. வண்டி சொன்னா நம்பும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம். அப்பாவே கார் ஓட்டினார். அம்மாவும் தம்பியும் அதில் ஏறினார்கள். அத்தை என்னை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டாள்.

“வண்டியில எடம் கெடக்கு. எதுக்குட்டி அதுல?” என்றார் அப்பா.

“காத்தாட வாரோம்ணே.”

என் மடியில் ஒரு பை. அதில் பூவேலை போடுகிற வட்டச் சட்டம். அதில் அப்பாவின் கடையிலிருந்து எடுத்த வெள்ளைப் பேண்டேஜ் துணியை இரண்டாக மடித்து இறுக்கி மாட்டியிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். போகும்போது தெரியும் என்றாள். கார் போகிற வேகத்துக்கு மொபெட் திணறியது. அத்தை முன்னால் குனிந்து, காரின் பின்பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். புகை எதுவும் தெரியவில்லை. மெக்கானிக் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றியது. அது சரியாக இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. இல்லையென்றால் நான் அல்லவா மாட்டிக்கொள்வேன்.

வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. ரயில் வருகிற வழியாக இல்லை. வெயிலில் நின்றோம். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் இரண்டு தடவை எங்களைத் தாண்டிப் போனாள். கடைசியில் ரயில் போய், கேட் தூக்கியதும் அத்தை என்னிடம் மொபெட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சட்டத்தை எடுத்துக்கொண்டு காரின் பின்னால் போய்க் குந்தினாள். பட்டுச்சேலையில் இருந்தாள். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். குழாயிலிருந்து நீலமாக ஒரு புகை குபுக்கென்று வந்தது. ஊதுபத்திப் புகையின் நீலம். அத்தையின் முகம் ஒரு கணம் அதில் மறைந்தது. கார் தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள் புகை நின்றுவிட்டது. அத்தை இருமிக்கொண்டே வந்து சட்டத்தைக் காட்டினாள். வெள்ளைத் துணியின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். தொட்டேன். பிசுபிசுத்தது.

“ஓடும்போது தெரியாது. சும்மா நின்னுட்டுக் கெளம்புறப்பதான் கக்குது. உள்ள இருக்கவியளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

நிச்சயதார்த்த வீட்டு வாசலில் அப்பா அந்தத் துணியைப் பார்த்தார். “எல்லா வண்டியும் பொகைதான விடும்” என்றார். குரல் முன்னைப்போல் இல்லை.

அத்தை விடவில்லை. மறுநாள் காலை, எஞ்சின் சூடாவதற்கு முன், காரைச் சமதரையில் நிறுத்தச் சொன்னாள். மேல் கோடு வரைக்கும் ஆயிலை அப்பாவையே ஊற்ற வைத்தாள். பானெட்டை மூடி, அது பொருந்துகிற இடுக்கின் மேல் குறுக்காக மூன்று காகிதப் பட்டைகளை மைதாப் பசையால் ஒட்டினாள். ஒன்றில் அப்பா கையெழுத்துப் போட்டார். ஒன்றில் அத்தை. மூன்றாவதில் அம்மா, பழைய நோட்டில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டுப் போட்டாள். ஒரு வாரத்துக்கு யாரும் திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. அப்பா தினமும் மதுரைக்கு ஓட்டிப் போய்வந்தார். காலையிலும் மாலையிலும் பட்டைகளைத் தானே குனிந்து பார்த்தார். தெருப் பிள்ளைகள் கார் பக்கம் போனால் அதட்டினார். அந்த வாரம் முழுக்க என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

எட்டாம் நாள் காலை எல்லோரும் காரைச் சுற்றி நின்றோம். பட்டை மூன்றும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. அப்பாவே கிழித்தார். அளவுக்கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்தார். நுனியில் கீழ்க் கோட்டுக்கும் கீழே கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.

“இன்னொரு தடவ பாருண்ணே” என்றாள் அத்தை.

பார்த்தார்.

“இன்னொரு தடவ.”

மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு அப்பா கம்பியைக் கையில் வைத்தபடியே நின்றார். அத்தை, தான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய் டிபன் பாக்ஸை எடுத்தாள். இன்றுவரை நான் அவளிடம் அதிகம் வியப்பது அந்தப் பேசாமையைத்தான்.

பிறகு மதுரையில் பெரிய பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். வால்வுகளின் மேல் இருக்கிற சுண்டுவிரல் நகத்தளவு ரப்பர்கள் காய்ந்து கல்லாகிவிட்டனவாம். அந்த வழியாக ஆயில் உள்ளே இறங்கி, பெட்ரோலோடு எரிந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, கம்பியைப் பார்த்த அன்று மாலையே, ஆயிலை ஊற்றி நிறைத்து, அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு சோழபுரம் போனார்.

டிரைவர் மாமா வீட்டு முற்றத்தில் ஆட்டுக்கொட்டகை இருந்தது. அதன் கால்களில் இடுப்பளவுக்குக் கறுப்பாகப் பூசியிருந்தது. அந்த டின்னும் பக்கத்தில் கிடந்தது. “கரையானுக்கு” என்றார் அவர், அத்தை அதைப் பார்ப்பதைக் கவனித்து. “ஆயில் மாத்துனப்ப வடிச்ச கழிவ பட்டறையில பழைய கேனுல குடுத்தாவ. உங்க வாசல்ல வச்சு டின்னுல மாத்திக்கிட்டேன்.”

அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல், “வண்டிதாம்ப்பா குடிச்சிருக்கு” என்றார்.

“சொன்னேன்லா அண்ணாச்சி.”

அத்தை என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினாள். “நீ சொன்னத நீயே சொல்லு.” நான் சொன்னேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. டிரைவர் மாமா அதுவரை தன்மேல் வந்த பழி என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கிறார். கீழே கிடந்த டின்னை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, “பாப்பா பாத்ததத்தான சொல்லிருக்கு. அழாத” என்றார். அவர் மனைவி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். அப்பா சாவியை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பாமல், தன் கையாலேயே அவர் கையில் வைத்தார். வரும்போது டிரைவர் மாமா ஓட்ட, அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எங்களை விட்டுவிட்டு மாமா பஸ்ஸில் ஊர் திரும்பினார். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று பட்டது.

மறுநாள் காலை சைக்கிள் மணிச்சத்தம் கேட்டது. காருக்கு முன்னால் நின்று, டிரைவர் மாமா வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்: “பாப்பா, செத்த வா.”

ஓடினேன். நான் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பானெட்டைத் திறந்தார். கம்பியை உருவி என் கண்ணுக்கு நேரே காட்டினார். “எம்புட்டு இருக்கு?” என்றார். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே என்றேன். சரி என்று மூடினார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். அப்புறம் எல்லா நாளும். நான் குளித்துக்கொண்டிருந்தால் காத்திருப்பார். காய்ச்சலில் படுத்திருந்த நாளில் அம்மாவை வரச் சொன்னாராம். அவர் எங்களிடம் இருந்த ஆறு வருஷமும் அப்படித்தான். தம்பியைக் கூடக் கூப்பிடாமல் என்னை மட்டும் கூப்பிடுகிறார், என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்காமல் அவர் அந்தக் காரின் பானெட்டைத் திறந்ததே இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.