வெர்னாவின் கோட்டுப் பை

காரை நிறுத்தியதும் வெர்னா லாங்கெனெக்கர் கோட்டுப் பையைத்தான் முதலில் துழாவுவாள். பிரெட்ஸல் முறுக்கு சுற்றிய காகிதம், பெட்ரோல் ரசீது, தேவாலய விருந்தில் கை துடைத்த தாள் என்று என்னென்னவோ வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரும் ஒரு தேதியும் இருக்கும்.

பென்சில்வேனியாவின் அந்த வட்டாரத்தில் மூன்று பள்ளிகளுக்கும் சேர்த்து, வகுப்பை முந்தி ஓடும் பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை. என் பிள்ளையும் அப்படித்தானா, சோதித்துப் பாருங்கள் என்று பெற்றோர் சந்தையில் வாயால் கேட்டாலும் கேட்டதுதான். பத்து நாளுக்குள் சம்மதப் படிவம் அவர்கள் கைக்குப் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எழுதிக் கொடுத்தால் என்னவாம் என்று தலைமையாசிரியர் சலித்துக்கொள்வார். "வாய் எதுக்கு சார் இருக்கு?" என்பாள் வெர்னா.

அப்பேர்ப்பட்டவளே ஏப்ரலில் கோட்டை விட்டாள். சனிக்கிழமை சந்தைக்கு மெல்லிய கோட்டில் போனாள். ஞாயிறன்று பாழாய்ப்போன பனி திரும்பவும் கொட்டியது. கனத்த கோட்டுக்கு மாறினாள். அதற்கும் அடுத்த வாரம் செவ்வாயன்று வெயிலடிக்க, பழைய கோட்டின் பையில் கடுகுச் சாஸ் கறையோடு ஒரு காகிதம்: 'ஆர்லா, மூன்றாம் வகுப்பு', கீழே அந்தச் சனிக்கிழமைத் தேதி.

விரல் விட்டு எண்ணினாள். பத்தாவது நாள். இன்று கையெழுத்தானால் சோதிக்க அறுபது நாள். கோடை விடுமுறைக்குள் மூச்சுப் பிடித்து முடித்துவிடலாம். தவறினால் பள்ளி திரும்பத் திறக்கும் இலையுதிர்காலம்தான். கணக்கை முதலில் முடித்துவிட்டு வகுப்பில் வம்பு செய்கிறாள் என்று ஆர்லாவை ஏற்கெனவே நடைவழியில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஆர்லாவின் அம்மா ட்ரீனா பால் லாரி ஓட்டுகிறவள். மூன்று பண்ணை அலைந்து நாலாவதில், குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவளைப் பிடித்தாள் வெர்னா.

"மறந்துட்டீங்கன்னு நெனச்சேன் டீச்சர். ஆபீசுக்கு வந்து கேக்கலாம்னா, மாடு லீவு விடுதா?"

"மறந்துதான் போனேன். திட்டுறதை அப்புறம் திட்டிக்கோ, முதல்ல கையெழுத்துப் போடும்மா."

ட்ரீனா லாரியின் சக்கரமறைப்பின் மேல் தாளை வைத்துப் பேனாவை எடுத்தாள். பிறகு தயங்கினாள். "தேறலைன்னா?"

"தேறுறது அவ பாடு. பாக்கவே இல்லைன்னு ஆகக் கூடாது, அது என் பாடு."

கையெழுத்து விழுந்தது. அப்பாடா என்று வெர்னா தாளை வாங்கிக்கொண்டாள்.

காரில் ஏறியவள் வழக்கம்போல் படிவத்தைக் கோட்டுப் பைக்குள் செருகினாள். ஒரு கணம் யோசித்து வெளியே எடுத்தாள். பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்து, அதற்கும் பெல்ட் மாட்டிவிட்டாள்.