கலியமூர்த்தி பேசியது என் பேச்சு

கலியமூர்த்தியைக் கட்சியிலிருந்து நீக்கியதற்கு நான்தான் காரணம். தலைவரைக் குறைசொல்லி அவன் பேசிய பேச்சு முழுவதும் நான் சொல்லிக்கொடுத்தது. அவன் பேசியதும் முதல் ஆளாய் எழுந்து கத்தி அவன் வாயை அடைத்தவனும் நானே.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேனே ஏன்? உங்களுக்கு என் முகம் தெரியாது, அதனால்தான். கோழைத்தனத்தை ஒப்புக்கொள்வதற்கும் கோழையின் வழியைத்தான் தேடியிருக்கிறேன்... பார்த்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடிப் பக்கம், காவிரித் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்தபின் மிச்சமாக வந்து சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. அப்போது நான் ஒன்றியத் துணைச் செயலாளர். கலியமூர்த்தி ஊர்க் கிளைச் செயலாளர். அவன் அப்பா எங்கள் வயலில் கூலிக்கு நடவு நட்டவர். அவன் சொந்தமாக நிலம் வாங்கி என் வயலுக்குப் பக்கத்திலேயே பயிர் வைத்தான். கொடிக்கம்பத்துக்குக் குழி வெட்டுவது முதல் வாக்குச்சாவடியில் உட்காருவது வரை கட்சி வேலை என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவான்.

அந்த ஆண்டு மேட்டூர் அணை திறந்து வெகுநாளாகியும் எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. குறுவை நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப் பழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஆட்சியில் இருந்த எங்கள் தலைவர் கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மேடையில் அறிவித்தார். உடனே மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது: ஒவ்வோர் ஒன்றியத்திலும் நன்றி அறிவிப்புக் கூட்டம் நடத்த வேண்டும். வராத தண்ணீருக்கு நன்றி!

வயலிலிருந்து நேராக டீக்கடைக்குப் போய்க் கலியமூர்த்தியைப் பிடித்தேன்.

"செயல்வீரர் கூட்டத்துல நீ எழுந்திரிச்சுச் சொல்லு. தலைவர் இங்க வந்து பாக்காமயே பேசிட்டாரு, அது தப்புன்னு சொல்லு. அடுத்தாப்புல நான் எழுந்திரிச்சு ஆமாங்கிறேன்."

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "நீங்க எழுந்திரிச்சாப் போதும்ண்ணே. மத்தவங்க தானா எழுந்திரிப்பாங்க" என்றான்.

நானே முதலில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒன்றியச் செயலாளர் பதவி காலியாகப் போகிறது, நான் பேசினால் அதற்காகப் பேசுகிறான் என்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவா? அந்தப் பதவி கைநழுவிவிடுமோ என்ற பயம்தான் உண்மை.

குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டச் செயல்வீரர் கூட்டம். மாவட்டச் செயலாளர் மேடையில் இருந்தார். கலியமூர்த்தி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு பேசினான்.

"வணக்கங்க. எங்க பக்கம் தண்ணி வரலைங்க. தலைவர் வந்து பாக்காமயே பேசிட்டாருங்க, அது தப்புங்க. இப்பப் போயி நன்றிக் கூட்டம் போட்டா ஊர்ல காறித் துப்புவாங்க."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்த திசையிலேயே மாவட்டச் செயலாளரும் பார்த்தார்.

எங்கள் கட்சியில் தலைவரைக் குறைசொன்னால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பேசியவன் உட்காரும்வரை வாழ்க கோஷம் போடுவார்கள். அதை யார் தொடங்குகிறார் என்பதை மேடை கவனித்து வைத்துக்கொள்ளும். நான் எழுந்தேன். ஆமாம் சொல்லத்தான் எழுகிறேன் என்று கலியமூர்த்தி நினைத்துவிட்டான்... அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் "தலைவர் வாழ்க!" என்று கத்தினேன்.

மண்டபமே திருப்பிக் கத்தியது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான்.

கூட்டம் முடிந்ததும் மாவட்டச் செயலாளர் அவனைக் கூப்பிட்டு, "உன்னைத் தூண்டிவிட்டது யாரு?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"யாரும் இல்லைங்க. நானாத்தான் பேசினேன்" என்றான்.

மறுவாரமே அறிவிப்பு வந்தது. அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் நீக்கம். கட்சிக்காரர்கள் யாரும் அவனோடு தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கடைசி வரி எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று தெரியுமா! பக்கத்து வரப்பில் அவன் நிற்கும்போதுகூட, கட்சிக் கட்டுப்பாடு என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. நன்றிக் கூட்டம் நடந்தது. தலைமை தாங்கியது நான். கொஞ்ச நாளில் ஒன்றியச் செயலாளரும் ஆனேன், இன்றும் நான்தான்.

மாற்றுக் கட்சிக்காரர்கள் சால்வையோடு அவன் வீட்டுக்குப் போனார்கள். காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டான். எங்கள் கட்சிக் கரை வேட்டியைத்தான் கடைசிவரை கட்டினான். தேர்தல் வந்தால் யாரும் கூப்பிடாமலே எங்களுக்கு வாக்குக் கேட்டான். என்னைத் திட்டியிருக்கலாம், ஊரில் சொல்லி நாறடித்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன மாதம் நெஞ்சுவலியில் இறந்துபோனான். மாலையோடு போனேன்.

உறுப்பினர் இறந்தால் உடலுக்கு ஒன்றியச் செயலாளர் கட்சிக் கொடி போர்த்துவது எங்கள் வழக்கம். நீக்கப்பட்டவனுக்கு அது இல்லை. அவன் மனைவி ராஜகுமாரி பீரோவிலிருந்து துவைத்து மடித்த ஒரு கொடியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு கை போத்திவிடுங்கண்ணே. அவருக்கு அது போதும்."

"மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேம்மா" என்று வெளியே போனேன். தென்னைமரத்தடியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், போர்த்திவிட்டு வாய்யா என்று அவர்கள் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் நீக்கப்பட்டவனுக்கு இவன் ஏன் போர்த்தினான் என்ற பேச்சு கிளம்புமே... வெறுமனே உதட்டை அசைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஒத்துக்கலைம்மா."

அவள் கொடியை மறுபடி மடித்தாள். "பரவால்லண்ணே. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "தலைவர்னா அவருக்கு உசிரு. அன்னைக்கு ஏன் அப்படிப் பேசினாருன்னு எங்கிட்டகூடச் சொல்லலை. நீங்க கூடவே இருந்தீங்க... உங்களுக்காவது தெரியுமாண்ணே?"

"தெரியலையேம்மா" என்றேன்.

அவள் என்னை நம்பினாள்.